நாலு லீற்றர் பெற்றோல்

பழைய விடைத்தாள்களைக் கழித்துக் கட்டுவதற்காகச் சென்ற மாதம் மேசை இழுப்பறையைத் திறந்தபோது, எண்பது பக்க அப்பியாசக் கொப்பியொன்று கையில் அகப்பட்டது. அதன் மேலட்டையில் 'பெற்றோல் கணக்கு – 2022 ஓகஸ்ட்' என்று எமது கையெழுத்திலேயே எழுதியிருந்தது. அதனை எழுதியதே எமக்கு மறந்துபோயிருந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் மறந்துபோகக்கூடிய காலமா அது? மறந்திருந்தோம் என்பதுதான் உண்மை. தூசியைத் தட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே அக்கொப்பியை இறுதிவரை வாசித்தோம். வாசித்து முடித்தபோது எழுந்த உணர்ச்சி, பழைய கஷ்டத்தை நினைத்துப் பார்க்கையில் உண்டாகும் ஆறுதலன்று. அது ஒருவகை வெட்கம். அவ்வெட்கத்தின் காரணத்தைத் தெரிவிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த ஆண்டின் விலைகளை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 2021 டிசம்பர் இறுதியில் லீற்றர் 177 ரூபாயாக இருந்த சாதாரண பெற்றோல், 2022 மார்ச்சில் 254 ரூபாயாயிற்று. ஏப்பிரிலில் 338, மே மாதத்தில் 420, ஜூன் இறுதியில் 470. ஆறு மாதங்களில் விலை இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. திறைசேரியில் அந்நியச் செலாவணி வற்றிப்போனதும், பட்ட கடனைக் கட்ட முடியாதென்று ஏப்பிரில் 12ஆந் திகதி அரசு கையை விரித்ததும், ஒரு டொலருக்கு இருநூறு ரூபாயளவில் நின்ற நாணயம் முந்நூற்றறுபதுவரை வீழ்ந்ததும், உக்ரேன் போரினால் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியதும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. விலையை எதிர்த்து றம்புக்கணையில் ஏப்பிரில் 19ஆந் திகதி மறியல் செய்த மக்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து ஓர் உயிர் போயிற்று. எரிபொருள் வரிசைகளில் நின்றவாறே முதியவர்கள் சிலர் மயங்கி விழுந்து மடிந்த செய்திகளையும் அம்மாதங்களில் நாம் பத்திரிகைகளில் வாசித்தோம்.

வரிசையில் நாமும் நின்றோம். இரண்டு இரவுகளை வீதியோரத்தில், மோட்டார் சைக்கிளின் மேல் சாய்ந்தபடி கழித்தோம். வரிசை அசையும்போது இயந்திரத்தை இயக்குவார் எவருமில்லை. எல்லோரும் வண்டியைத் தள்ளியே சென்றனர். ஒரு துளியையும் வீணாக்கக் கூடாதென்ற ஞானம் அங்கே அனைவருக்கும் கைவந்திருந்தது. ஆனால், வீட்டிலிருந்து அந்த வரிசைக்கு வந்தவர்களுட் பலர், நடந்து வரக்கூடிய தூரத்துக் காரியங்களுக்காகவே முந்தைய வாரத்துப் பெற்றோலை எரித்து முடித்தவர்கள் என்பதை அப்போது நாம் எண்ணிப் பார்க்கவில்லை. நாமும் அவர்களில் ஒருவர் என்பதையும் எண்ணவில்லை.

ஜூலை நடுப்பகுதியில் கியூ.ஆர். அட்டை வந்தது. வாரமொன்றுக்கு மோட்டார் சைக்கிளுக்கு நான்கு லீற்றர், முச்சக்கர வண்டிக்கு ஐந்து லீற்றர், காருக்கு இருபது லீற்றர் என்று பங்கு வகுத்தார்கள். வரிசைகள் குறைந்தமை மெய்யே. எனினும் அப்பங்கீட்டைச் சற்று உற்று நோக்கினால் எமது சமுதாயத்தின் முகம் அதிலே தெரியும். முச்சக்கர வண்டியை ஓட்டி அன்றாடச் சோற்றை உழைப்பவனுக்கு ஐந்து. சொந்தத் தேவைக்குக் கார் வைத்திருப்பவருக்கு இருபது. யாருக்கு எது தேவை என்று கேட்டல்ல, யாருடைய வண்டி எவ்வளவு குடிக்கும் என்று கேட்டே அளந்திருந்தார்கள்.

எமக்குக் கிடைத்தவை நான்கு லீற்றர். அதை எப்படிச் செலவிடுவதென்ற கவலையில்தான் அந்தக் கொப்பி தொடங்கப்பட்டது. திகதி, சென்ற இடம், தூரம் என்று மூன்று நிரல்கள். பாடசாலை எமது வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீற்றர். போய்வரப் பதினெட்டு, ஐந்து நாளுக்குத் தொண்ணூறு. எமது வண்டி லீற்றருக்கு நாற்பத்தைந்து கிலோமீற்றர் ஓடும். ஆகவே தொழிலுக்கு வேண்டியவை இரண்டே லீற்றர். மிகுதி இரண்டு லீற்றர் என்னவாயிற்று? கொப்பி சொல்லுகிறது:

சந்திக் கடைக்குப் பதினான்கு முறை. கடை எமது படலையிலிருந்து நானூறு மீற்றர். தேயிலைக்கு ஒரு முறை, அதே மாலையில் சீனிக்கு ஒரு முறை, பத்திரிகைக்கு ஒவ்வொரு காலையும் என்று பதினோரு கிலோமீற்றர் ஓடியிருக்கிறோம். பட்டணத்துக்கு இரண்டு முறை, நாற்பத்தெட்டுக் கிலோமீற்றர். இரண்டாம் முறை எதற்காக? மின்சாரக் கட்டணம் செலுத்தப் போனவர் சிட்டையை மேசையிலேயே விட்டுச் சென்றிருந்தார், அதற்காக. மகளை ரியூசனுக்குக் கொண்டுபோய் விடுவதும், திரும்பி வருவதும், மீண்டும் கூட்டி வரப் போவதுமாக இரு நாளில் இருபது கிலோமீற்றர். ரியூசன் நடக்கும் இடம் வீட்டிலிருந்து இரண்டரைக் கிலோமீற்றர்தான். அவளுக்குச் சைக்கிள் ஓடவும் தெரியும். கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்குமாக மிகுதிப் பதினொன்று. ஆக மொத்தம் தொண்ணூறு. லீற்றர் 450 ரூபாய்க்கு விற்ற நாளில், வரிசையில் விழித்திருந்து பெற்ற பெற்றோலிற் பாதியை நாம் இவ்வாறே செலவிட்டிருக்கிறோம்.

இது வறுமையால் வந்த செலவுமன்று, செல்வத்தால் வந்த செலவுமன்று, பழக்கத்தால் வந்தது. அப்பழக்கமோ எமது மண்ணிலே மிக அண்மையில் முளைத்தது. எமக்குக் கற்பித்த ஆசிரியர்கள் வேட்டியின் நுனியை இடுப்பிற் செருகிக்கொண்டு சைக்கிளில் வந்தவர்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு, வடக்குக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டபோது, யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதுமே சைக்கிளில் ஏறிற்று. வைத்தியரும், பல்கலைக்கழக ஆசிரியரும், கந்தோர்த் தலைவரும், சந்தைக்கு மரக்கறி மூட்டை கொண்டுசெல்லும் கமக்காரரும் ஒரே வீதியில் ஒரே வேகத்தில் சென்றார்கள். அவசரமானால், பழைய காரொன்றின் காபுரேற்றரில் மருந்துப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிச் செல்வார்கள். அக்காலத்தை நாம் புகழவில்லை. தடையினால் வந்த சிக்கனம் தண்டனையேயன்றிப் பண்பாகாது. மருந்தின்றி இறந்தவர்களையும், இருளில் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட மாணவரையும் மறந்துவிட்டு, 'அந்த நாள் நல்ல நாள்' என்று பேசுவது கொடுமை. நாம் சொல்ல வருவது வேறு. அன்று சைக்கிள் ஓடுவதில் எவருக்கும் மானக்குறைவு தோன்றவில்லை. ஏனெனில் எல்லோரும் ஓடினார்கள்.

மானக்குறைவு பின்னரே வந்தது. 2002இல் ஏ-9 வீதி திறந்தபோதும், 2009இல் போர் முடிந்தபின்னரும், தெற்கிலிருந்து முதலில் ஓடிவந்தவற்றுள் லீசிங் கம்பனிகளும் இருந்தன. சிறு முற்பணத்தைக் கொடுத்தால் பளபளக்கும் மோட்டார் சைக்கிள் வீட்டு முற்றத்துக்கு வந்தது. அதன் தவணைப் பணத்துக்காகக் காதுத் தோடு அடைவுக் கடைக்குப் போயிற்று. சில ஆண்டுகளுக்குள் சைக்கிள் என்பது, வேறு வழியில்லாதவர்களின் வாகனம் என்றாகிவிட்டது. சந்திக் கடைக்கு நடந்து செல்லும் ஆசிரியரைக் கண்டால், 'என்ன மாஸ்ரர், மோட்டார் சைக்கிள் பழுதோ?' என்று கேட்கும் ஊராயிற்று எமதூர். அந்தக் கேள்விக்கு அஞ்சியே நானூறு மீற்றருக்கும் இயந்திரத்தை உதைத்து இயக்கினோம் என்பதை, இன்று கொப்பியை வைத்துக்கொண்டு ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

முதல் மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபின் சில மாற்றங்களைச் செய்தோம். பட்டணத்துக் காரியங்களை ஒரு துண்டில் எழுதி வாரத்துக்கு ஒரு முறை முடித்தோம். கடைக்கு நடந்தோம். மகள் சைக்கிளை எடுத்தாள். ரயரின் காற்று குறைந்தால் பெற்றோல் கூடுதலாகச் செல்லும் என்பதனால் வாரந்தோறும் காற்றைப் பார்த்தோம். புகையிரதக் கடவை மூடியிருக்கும்போது இயந்திரத்தை நிற்பாட்டினோம். விரைந்து ஓடிப் பின் திடீரெனப் பிரேக் பிடிக்கும் வழக்கத்தையும் விட்டோம். இரண்டாம் மாத முடிவில் வாரமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் மிஞ்சிற்று. கொப்பியின் அந்தப் பக்கத்தில், சிவப்பு மையால், 'மிச்சம் ஒரு லீற்றர்' என்று பெருமையாக எழுதிக் கீழே இரட்டைக் கோடும் இட்டிருக்கிறோம். எமது வெட்கம் தொடங்குவது அந்த இரட்டைக் கோட்டிலேதான்.

எமது உயர்தர வகுப்பில் அவ்வாண்டு ஒரு மாணவன் இருந்தான். கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்தவன். பொருளியலில் நல்ல கெட்டிக்காரன். தகப்பனார் சிறு படகில் தொழில் செய்பவர். படகின் இயந்திரத்துக்கு வேண்டியது மண்ணெண்ணெய். 2022 ஓகஸ்ட் 21ஆந் திகதி நள்ளிரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. ஒருமுறை கடலுக்குப் போய்வர இருபது லீற்றர் என்று கொண்டாலும், 1,740 ரூபாயாக இருந்த செலவு ஓரிரவில் 6,800 ரூபாயாகிவிட்டது. வலையில் மீன் படுமோ படாதோ, எண்ணெய்க்குப் பணம் முன்கூட்டியே வேண்டும். அவர் படகைக் கரையில் ஏற்றிவிட்டு, வீட்டிலிருந்த ஒரே சைக்கிளை எடுத்துக்கொண்டு மேசன் வேலைக்குக் கையாளாகப் போனார். சைக்கிள் போனதும் மகன் கிராமத்திலிருந்து இரண்டு கிலோமீற்றர் நடந்து பெருந்தெருச் சந்திக்கு வந்து பஸ்சுக்கு நின்றான். ஆகக் குறைந்த பஸ் கட்டணமும் ஜனவரியில் 17 ரூபாயாக இருந்து ஜூலையில் 40 ரூபாயாகியிருந்தது. பஸ்கள் குறைவு; வந்தவை மிதிபலகையிலும் ஆள் தொங்க, நில்லாமலே போயின.

அந்தச் சந்தியைக் கடந்துதான் நாம் நாள்தோறும் பாடசாலைக்குச் சென்றோம். அவன் அங்கே நிற்பதைக் கண்டோம். அவன் வணக்கம் சொல்வான். நாம் தலையசைத்துவிட்டுப் போவோம். எமது பின்னிருக்கை வெறுமையாகவே இருந்தது. மேலதிகத் தலைக்கவசம் ஒன்று வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. சந்தியிலிருந்து பாடசாலை ஆறு கிலோமீற்றர். அவனை ஏற்றிச் சென்றிருந்தால் செலவாகக்கூடிய பெற்றோல் கணக்கிலெடுக்க முடியாத அளவு. பின்னர் அவன் முதலாம் பாடம் முடிந்தபின் வந்தான். பின்னர் வாரத்தில் மூன்று நாள் வந்தான். நவம்பருக்குப் பிறகு வரவேயில்லை. 2023 ஜனவரியில் தொடங்கிய உயர்தரப் பரீட்சையில் அவனது மேசை வெறுமையாக இருந்தது.

பரீட்சை முடிந்தபின்னரே அவன் வீட்டைத் தேடிப் போனோம். மிகவும் பிந்திப் போனோம். தகப்பனார் கதிரையைத் துடைத்து இருக்கச் சொன்னார். மகன் தாமும் செய்யும் அதே மேசன் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். பேச்சு சுற்றிச் சுற்றி எரிபொருள் விலையிலேயே வந்து நின்றது. சிக்கனமாக ஓடப் பழகிவிட்டோம் என்று, எமது பெருமையை அங்கேயும் எடுத்து விரித்தோம். அவர் சிரிக்கவில்லை; கோபிக்கவுமில்லை. "மாஸ்ரர், நீங்கள் ஊருக்குள்ளை ஓடுற ஓட்டத்தைக் குறைக்கலாம். நான் கடலை எப்பிடிக் கிட்டக் கொண்டு வாறது?" என்றார்.

மாலையில் பையன் வந்தான். கையெல்லாம் சீமெந்து. சந்தியில் ஒருநாளாவது எம்மை மறித்திருக்கலாமே என்று கேட்டோம். தவறு யாருடையது என்பதை மறந்து, அவனையே குற்றம் சொல்லும் தொனியில்தான் கேட்டோம் போலும். தலையைக் குனிந்துகொண்டு, "மறிக்க வெக்கமா இருந்தது, சேர்" என்றான்.

சந்திக் கடைக்கு நடக்க வெட்கப்பட்டவர் ஒருவர்; உதவி கேட்க வெட்கப்பட்டவன் ஒருவன். எமது வெட்கத்துக்கு விலை வாரத்துக்குக் கால் லீற்றர் பெற்றோல். அவனது வெட்கத்துக்கு விலை ஒரு பரீட்சை.

கொப்பியை இன்று புரட்டுகையில், அதில் இல்லாத நிரலொன்று கண்ணில் படுகிறது. எங்கே போனோம், எவ்வளவு தூரம் என்று எழுதியிருக்கிறோம். எத்தனை பேர் போனோம் என்று எழுதவேயில்லை. அந்த நிரலைச் சேர்த்தால் கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. எமது மோட்டார் சைக்கிளில் ஒருவர் செல்லும்போது ஒரு லீற்றர் ஓராளை நாற்பத்தைந்து கிலோமீற்றர் கொண்டுசெல்கிறது; இருவர் ஏறினால் அதே லீற்றரின் பயன் ஏறத்தாழ இரட்டிக்கிறது. லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடும் காரில் ஒருவர் தனியே சென்றால், பன்னிரண்டோடு சரி. பஸ்ஸோ ஒரு லீற்றர் டீசலுக்கு நான்கு கிலோமீற்றரளவே ஓடுகிறது. பார்வைக்கு அதுவே பெருந்தீனிக்காரன். ஆனால் அதிலே ஐம்பது பேர் இருக்கிறார்கள். ஐம்பது பேரை நான்கு கிலோமீற்றர் கொண்டுசெல்வது, ஓராளை இருநூறு கிலோமீற்றர் கொண்டுசெல்வதற்குச் சமம். டொலர் கொடுத்து வாங்கும் எண்ணெயை மிச்சம் பிடிக்க வேண்டுமென்று எமக்கு உபதேசம் செய்பவர்கள், இந்தச் சிறு பெருக்கற் கணக்கை ஏன் செய்வதில்லை?

முன்னொரு தலைமுறை இதைச் செய்து பார்த்தது. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் கம்பனிகள் தேசிய மயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. இலாபம் தராத கிராமத்து வீதிக்கும் பஸ் போகவேண்டும் என்பது அதன் அடிப்படை நியாயங்களுள் ஒன்று. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைந்தது. அந்நிய எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்களை எடுத்துக்கொண்டதற்காக 1963இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. நாடு அதற்காகப் பணிந்துவிடவில்லை. எண்ணெயும் வண்டியும் பொதுமக்களுடையவை என்ற கருத்துக்கு அன்று அத்தகைய வலு இருந்தது. பின்னர், அரசியல்வாதிகள் தத்தம் ஆட்களை நிரப்பும் இடமாகச் சபை மாறியதையும், நட்டம் பெருகியதையும், பழுதடைந்த வண்டிகள் வளவில் துருப்பிடித்துக் கிடந்ததையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அதன்பின் சனம் நிறைந்த வீதியில் பஸ்கள் ஒன்றையொன்று துரத்தின. கடற்கரைக் கிராமத்தின் சந்தியில் பையன் தனியே நின்றான். பஸ் வராத ஊரில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரமன்று. அங்கே கடன் பட்டு வண்டி வாங்குபவனை 'வீண் செலவாளி' என்று இகழ்வது நேர்மையுமன்று.

ஆகவே சிக்கனம் என்ற சொல்லை நாம் கவனமாகவே வழங்கவேண்டும். குறைக்கக்கூடிய ஓட்டம் உள்ளவர்களுக்கே அச்சொல் பொருந்தும். எம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரருக்கு அது கடமை. கடலுக்குப் போகிறவனுக்கும், வெங்காயத் தறைக்கு இயந்திரத்தால் நீர் இறைப்பவனுக்கும், முச்சக்கர வண்டியில் பிழைப்பவனுக்கும் அதையே போதிப்பது பசித்தவனுக்கு உபவாசத்தின் பெருமையைச் சொல்வதாகும். வண்டியே இல்லாதவனும் பஸ் கட்டணத்திலும், அரிசியிலும், மரக்கறியிலும் பெற்றோலுக்குக் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

இனி எமது பின்னடைவையும் சொல்லிவிடுவோம். பங்கு படிப்படியாகக் கூட்டப்பட்டது. 2023 செப்ரெம்பரில் கியூ.ஆர். முறையே நிறுத்தப்பட்டது. கொப்பியின் கடைசிக் குறிப்பும் அம்மாதத்துக்குரியதே. வேண்டியமட்டும் பெற்றோல் கிடைத்ததும் நாம் கணக்கை மூடினோம். கடைக்கு மீண்டும் மோட்டார் சைக்கிளில் போனோம். மகளின் சைக்கிள் காற்றிறங்கிக் கோடிச் சுவரில் சாய்ந்தது. விலை கற்பித்த பாடம் விலையோடு இறங்கிப்போயிற்று. பையனின் வீட்டு முற்றத்தில் இருந்துவந்த பின்னரும் இவ்வாறு நடந்தது என்பதை எழுதும்போது கை கூசுகிறது. மனம் உருகுவது ஒன்று. பழக்கத்தை மாற்றுவது வேறொன்று என்பதை மாணவருக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம்.

சென்ற மாதம் கொப்பி கையிற் கிடைத்தபின், அதன் எஞ்சிய பக்கங்களில் மீண்டும் கோடு போட்டோம். இம்முறை நிரல்கள் நான்கு. ஒரே வீதியால் வரும் ஆசிரியர்கள் நால்வர் இரண்டு வண்டிகளில் வருவதாக ஒழுங்கு செய்துகொண்டோம். சுவரில் தொங்கிய தலைக்கவசத்தை முதல் நாள் அணிந்தவர் கணித ஆசிரியர். ஆனால் ஆசிரியர்கள் இரக்கப்பட்டு மாணவரைப் பின்னால் ஏற்றிச் செல்வதனால் ஒரு கிராமத்தின் போக்குவரத்து நடந்துவிடாது. ஆகவே, அந்தச் சந்தியில் காலை ஏழு மணிக்கு முன் நின்று செல்லும் பஸ் ஒன்று வேண்டுமென்று மனு எழுதியிருக்கிறோம். பெற்றோரும் மாணவரும் கையொப்பமிடுகிறார்கள். கடற்கரைக் கிராமத்துக்குக் கையொப்பம் வாங்க நாமே போனோம், சைக்கிளில் போனோம். சந்தியில் ஒருவர், 'என்ன மாஸ்ரர், மோட்டார் சைக்கிள் பழுதோ?' என்று கேட்டார்.

இல்லை, நன்றாகவே ஓடுகிறது என்று சொல்லி, அவரிடமும் ஒரு கையொப்பம் வாங்கிக்கொண்டோம்.